இசைக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர்

தோற்றுவாய்

கல்லூரி ஒன்றன் பெருமையை அதன் கட்டடங்களைக் கொண்டு அளத்தலினும் அதன் ஆசிரியரைக் கொண்டு அளத்தலே முறையாகும். விழா மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவர் முதலில் தேடுவதும் தமக்குக் கற்பித்தவர் பெயரையே அன்றோ? அத்தகையோர்க்கு உவகை தரத்தக்க வரலாறு ஒன்று யப்பான் தேசத்தில் நிகழ்ந்துள்ளது. ஆசிரியர் ஒருவர் மறைந்து பத்தாண்டு கழிந்தபின், அவரிடம் பயின்றோர் பல நாடுகளிலிருந்தும் தத்தம் வாத்தியங்களுடன் தாயகம் திரும்பி, ஒரே மேடையில் அமர்ந்து, அவர் நினைவாக வாசித்தனர். பழைய மாணவர் கூட்டமாகத் தொடங்கிய அக்குழு பின்னர் உலகம் மதிக்கும் இசைக்குழுக்களுள் ஒன்றாயிற்று. அவ்வாசிரியர் பெயர் ஹிதேயோ சைத்தோ. செலோ என்னும் நரம்பு வாத்தியத்தில் வல்லவராய், அதனையும் குழுவாக இசைக்கும் முறையையும் வாழ்நாள் முழுவதும் கற்பித்தவர் அவர்.

இதனை எழுதுவோன் தமிழாசிரியன். மேலைத்தேய இசையில் அரங்கேறியவன் அல்லன். எனினும் சைத்தோவின் வரலாறு இசையாசிரியரினும் மொழியாசிரியர்க்கே மிகவும் உரியது என்பது என் துணிபு. அவர் இசையை ஒரு மொழியாகவே கொண்டார். மொழிக்கு இலக்கணம் கற்பிப்பது போல இசைக்கும் இலக்கணம் கற்பித்தார். 'இலக்கணம் எதற்கு? அது இலக்கிய இன்பத்தைக் கெடுக்கின்றதே' என்று மாணவர் கேட்கும் வினா எம் வகுப்பறைகளில் நாளும் எழுவது. அதற்கு விடை தேடுவோர் இவ்வரலாற்றையும் ஒருமுறை நோக்குதல் நன்று.

செலோ என்னும் வாத்தியம்

வயலினை நம்மவர் நன்கறிவர். கருநாடக இசையரங்கிலே பாடகர்க்கு அருகிருந்து துணைசெய்யும் அவ்வாத்தியம் மேலைத்தேயத்தில் ஒரு குடும்பத்தின் இளைய உறுப்பாகும். வயலின், வியோலா, செலோ, டபிள் பேஸ் என்னும் நான்கும் அக்குடும்பத்தின. வடிவில் இவை ஒன்றையொன்று பெரிதும் ஒத்தன. அளவிலும் குரலிலும் வேறாவன. வயலினைத் தோளில் தாங்குவர். செலோவோ அளவிற் பெரியது. வாசிப்போர் நாற்காலியில் அமர்ந்து, அதன் அடியிலுள்ள முள்ளை நிலத்தில் ஊன்றி, முழங்கால்களுக்கு இடையே அதனை நிறுத்தி, வலக்கையால் வில்லை இழுத்து வாசிப்பர். அதற்கு நான்கு தந்திகள் உண்டு. அடுத்தடுத்த தந்திகள் சட்ஜம பஞ்சம இடைவெளியிற் சுருதி கூட்டப்பெறும். அதன் குரல் ஆடவர் குரலையொத்து ஆழ்ந்தும் கனிந்தும் ஒலிப்பது.

மேலைத்தேயத்தார் ஓர்க்கெஸ்ட்ரா என வழங்கும் பல்லியக் குழுவிலே செலோ வாசிப்போர் அமர்ந்திருக்கும் இடம் கருதத்தக்கது. ஒருபால் அடித்தளமாகிய தாழ்ந்த ஒலி. மறுபால் உயர்ந்து செல்லும் இன்னிசை. இரண்டையும் ஒருங்கே கேட்டு, சிலபோது அடித்தளத்தைத் தாங்கியும், சிலபோது இன்னிசையைத் தானே ஏற்றும் செல்வது செலோவின் தொழில். தன் குரலை மட்டுமே கேட்பவன் நல்ல செலோ வாத்தியகாரன் ஆகான். பிறர் வாசிப்பைக் கேட்டலே கல்வியின் பாதி என்று சைத்தோ பின்னாளிற் கொண்ட கொள்கைக்கு அவர் கையிலிருந்த வாத்தியமும் ஒரு காரணமாதல் கூடும்.

தந்தையும் மைந்தனும்

சைத்தோ 1902ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி தோக்கியோ நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் ஹிதேசபுரோ சைத்தோ என்பவர், யப்பானில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த பேரறிஞர். 1866இல் செந்தாய் நகரிற் பிறந்த அப்பெரியார், 1896இல் தோக்கியோவில் ஆங்கிலப் பாடசாலை ஒன்றை நிறுவினார். இலக்கண நூல்கள் பலவும் அகராதிகளும் இயற்றினார். ஆங்கிலம் வழங்கும் நாடு எதனையும் அவர் தம் வாழ்நாளிற் கண்டவர் அல்லர் என்பது வியத்தற்குரியது. பிறமொழி ஒன்றைப் பிறந்த மண்ணை விட்டு நீங்காமலே அதன் வேர்வரை சென்று அறிந்தவர் அவர்.

அவருடைய ஆராய்ச்சிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சொல்லைத் தனியே எடுத்துப் பொருள் கூறுவதோடு அவர் அமையவில்லை. ஒரு சொல் எச்சொல்லோடு சேரும், சேர்ந்தவிடத்து எப்பொருள் தரும், அவ்வழக்கின் மரபு யாது என்பனவற்றையே நுணுகி ஆராய்ந்தார். 1915இல் வெளிவந்த அவருடைய ஆங்கில - யப்பானிய அகராதி இம்முறையில் அமைந்ததாகும். தந்தையின் இந்நோக்கே மைந்தனிடத்து இசையாராய்ச்சியாக மலர்ந்தது என்பர். சொல்லொடு சொல் சேரும் மரபைத் தந்தை ஆராய்ந்தார். சுரத்தொடு சுரம் சேரும் மரபை மைந்தர் ஆராய்ந்தார்.

இளமையில் ஹிதேயோ விரும்பி வாசித்தது மாண்டலின். செலோவைக் கையில் எடுத்தது பதினாறாம் வயதளவிலேயே. மேலைத்தேயத்தில் ஐந்து ஆறு வயதிலேயே வில்லைப் பிடிக்கும் பிள்ளைகளோடு ஒப்பிடுமிடத்து இது மிகவும் பிந்திய தொடக்கம். பிந்தித் தொடங்கியவர்க்கு ஒரு நன்மையும் உண்டு. சிறு பிள்ளை காரணம் அறியாமலே பழகிக்கொள்வதை அவர் காரணம் அறிந்தே பழகவேண்டியிருக்கும். தாம் கற்ற ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடியவரே பிறர்க்குக் காரணம் காட்டிக் கற்பிக்கவும் வல்லராவர்.

ஜேர்மனியிற் கற்ற கல்வி

1923இல் சைத்தோ ஜேர்மனிக்குச் சென்றார். லைப்சிக் நகரிலே ஜூலியஸ் கிளெங்கல் என்னும் புகழ்பெற்ற செலோ ஆசிரியரிடம் பயின்றார். 1927இல் நாடு திரும்பி, புதிய சிம்பொனிக் குழு என அந்நாளில் வழங்கிய பல்லியத்தில் முதல்நிலைச் செலோ வாத்தியகாரராக அமர்ந்தார். இன்று என்.எச்.கே. சிம்பொனிக் குழு எனப் பெயர்பெற்றிருப்பது அதுவே.

பதவியும் பெயரும் பெற்றபின் மீண்டும் மாணவனாதல் எளிதன்று. சைத்தோ அதனைச் செய்தார். 1930இல் மறுபடியும் ஜேர்மனி சென்று, பெர்லின் நகரில் எமானுவேல் பொயர்மான் என்பாரை அடைந்தார். பொயர்மானும் 1902இற் பிறந்தவர். அவ்வாண்டு நவம்பரிற் பிறந்த அவர் சைத்தோவுக்கு ஆறு மாதம் இளையவர். தம்மினும் இளையார் ஒருவர் முன் செலோவுடன் மாணவனாக அமர்ந்த அடக்கம் பின்னாளில் அவர் பெற்ற ஆசிரியத் தகுதிக்கு அடிப்படையாயிற்று.

1936இல் யோசேப் ரோசன்ஸ்ரொக் என்னும் இசை நெறியாளர் அக்குழுவை நடத்த யப்பான் வந்தார். அவர் கண்டிப்பு மிக்கவர். தளர்வான வாசிப்பைச் சிறிதும் பொறாதவர். அவர் கையசைவையும் பயிற்று முறையையும் செலோ ஆசனத்திலிருந்து கூர்ந்து நோக்கிய சைத்தோ, பல்லியத்தை நெறிப்படுத்துவதும் ஒரு கலை என்பதனையும், அதுவும் பகுத்தாராய்ந்து கற்பிக்கத்தக்கதே என்பதனையும் உணர்ந்தார். 1941இல் அக்குழுவை விட்டு நீங்கினார்.

அழிவின் நடுவே ஒரு பாடசாலை

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோது தோக்கியோ நகரின் பெரும்பகுதி எரிந்து சாம்பராய்க் கிடந்தது. உணவுக்கும் உறையுளுக்கும் மக்கள் வருந்திய அக்காலத்தில், 1948இல், சைத்தோவும் பியானோ வல்லுநர் மொத்தொனாரி இகுச்சி, இசைத் திறனாய்வாளர் ஹிதேகாசு யொஷிதா முதலிய நண்பரும் கூடிச் சிறுவர்க்கான இசை வகுப்பு ஒன்றைத் தொடங்கினர். வாத்தியம் மட்டுமன்றிச் செவிப் பயிற்சியும், சுரங்களைக் கண்டவுடன் பாடும் பயிற்சியும், இசையின் அமைப்பை அறியும் பாடமும் இளமையிலேயே ஊட்டப்படல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

சிறுவர் வளர்ந்தனர், அவர்க்கு மேற்படிப்பு வேண்டியதாயிற்று. 1952இல் தோஹோ பெண்கள் உயர்தரப் பாடசாலையில் இசைப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. பெயர் பெண்கள் பாடசாலையாயினும் இசைப் பிரிவிலே ஆண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். முதலாண்டு மாணவருள் ஒருவர் செய்ஜி ஒசாவா. பியானோ பயின்றுவந்த அவர், ரகர் விளையாட்டில் விரல் முறிந்தமையால் பியானோவைக் கைவிட்டு, இசை நெறியாளராக விரும்பிச் சைத்தோவிடம் வந்தவர். 1955இல் அவ்விசைப் பிரிவு இளநிலைக் கல்லூரியாகவும், 1961இல் நான்காண்டுக் கல்லூரியாகவும் வளர்ந்தது. வகுப்பு ஒவ்வொன்றும் மாணவர் வளர்ச்சியைத் தொடர்ந்து எழுந்தது என்பது இப்பாடசாலையின் சிறப்பு. பிள்ளைகள் முன்னே செல்ல, கட்டடங்கள் பின்னே வந்தன.

இசையின் இலக்கணம்

இனி, சைத்தோ கற்பித்த முறையை நோக்குவோம். நம் மாணவர் எளிதில் உணருமாறு தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருதும்.

'தாமரை' என்பது ஒரு சொல். அதனை ஒருங்கே சொன்னால் குளத்தில் மலரும் பூவைக் குறிக்கும். 'தா மரை' எனப் பிரித்து நிறுத்திச் சொன்னால் தாவுகின்ற மரை என்னும் மானைக் குறிக்கும். எழுத்து ஒன்றே, ஓசையும் ஏறக்குறைய ஒன்றே. எங்கே நிறுத்துகின்றோம், எதனை எதனோடு சேர்க்கின்றோம் என்பதனாலே பொருள் வேறாகின்றது. பொதுமொழி என இலக்கண நூலார் கூறும் இதனை நம் மாணவர் கீழ் வகுப்பிலேயே கற்கின்றனர்.

இசையிலும் இவ்வாறே. ஏட்டில் எழுதப்பட்ட சுரங்கள் எல்லாம் ஒரே வரிசையாய் நிற்கும். எவ்விடத்து ஒரு தொடர் முடிகின்றது, எவ்விடத்து அடுத்தது தொடங்குகின்றது, அத்தொடரில் எச்சுரம் தலைமையானது, எவை அதனை நோக்கிச் செல்வன, எவை அதிலிருந்து மீள்வன என்பன ஏட்டில் முழுவதும் எழுதப்படுவதில்லை. மேலைத்தேயத்திற் பிறந்த பிள்ளை இவற்றைத் தாலாட்டிலும் கோயிற் பாட்டிலும் தெருப் பாட்டிலும் கேட்டுக் கேட்டே அறிந்துகொள்ளும். யப்பானியப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, சுரங்களைப் பிழையின்றி வாசித்தும் பொருள் விளங்காமற் போகும். எழுத்துக்கூட்டிப் பிறமொழி வாசிப்பவன் குரலைப் போல அது ஒலிக்கும்.

இக்குறையைச் சைத்தோ இலக்கணத்தால் நிரப்பினார். ஒவ்வோர் இசைத்தொடரையும் எழுவாய் பயனிலை காண்பது போலப் பகுத்துக் காட்டினார். வலிய சுரம் எது, மெலிய சுரம் எது, வலிமை எதனால் வந்தது, மூச்சு விடவேண்டிய இடம் எது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறினார். 'இவ்வாறு வாசி' என்று கட்டளையிடும் ஆசிரியர் பலர். 'இக்காரணத்தால் இவ்வாறு வாசி' என்பார் சிலர். சைத்தோ பின்னவர் இனத்தவர். கட்டளை பெற்ற மாணவன் அன்று பயின்ற பாட்டை மட்டும் வாசிப்பான். காரணம் பெற்ற மாணவனோ ஆசிரியர் அருகில் இல்லாதபோதும், முன்பு கண்டிராத பாட்டையும் தானே ஆராய்ந்து வாசிப்பான்.

கையசைவின் இலக்கணம்

குழுவை நெறிப்படுத்துவோர் கையில் ஒரு சிறுகோல் தவிர வாத்தியம் எதுவும் இல்லை. அக்கையசைவைக் கண்டே நூறு பேர் ஒரே கணத்தில் ஒலி எழுப்புகின்றனர். இது பிறவியிலே வரும் ஆற்றல் எனவும் கற்பிக்க முடியாதது எனவும் பலர் கருதியிருந்தனர். சைத்தோ அதனை ஒப்புக்கொள்ளவில்லை. கையசைவுகளையும் அவர் இனம் இனமாகப் பகுத்தார். 1956இல் வெளிவந்த அவருடைய நெறியாள்கைப் பாடநூல் இப்பகுப்பை விளக்குவது. தட்டுதல் போன்ற அசைவு, அள்ளுதல் போன்ற அசைவு, ஒரே சீராகச் செல்லும் அசைவு என மூன்று ஒருவகை. மேலே துள்ளுதல், கொளுவி இழுத்தல், முன்னதாகவே நுழைதல், கணத்தில் நிறுத்துதல் முதலிய நான்கு மற்றொருவகை.

இவற்றுள் முதலாவதாகிய தட்டுதலைக் கொள்வோம். கை தன் பாரத்தாலே விழுகின்றது. விழ விழ விரைவு கூடுகின்றது. ஒரு புள்ளியைத் தொட்டவுடன் பந்துபோல எழுகின்றது. எழ எழ விரைவு குறைகின்றது. விரைவு கூடுவதைக் கண்ட வாத்தியகாரர், கை அப்புள்ளியை எப்போது தொடும் என்பதை முன்கூட்டியே உணர்வர். அதனாலே எல்லாரும் ஒருங்கே தொடங்குகின்றனர். இதற்கு வேண்டியது வலிமையன்று. தசைநார்களைத் தளரவிடும் பயிற்சியே. இறுகிய கை தானாக விழாது, தள்ளப்பட்டே இறங்கும். தள்ளப்பட்ட கையின் போக்கை எவராலும் முன்னறிதல் இயலாது. சைத்தோவின் மாணவர் இத்தட்டுதல் ஒன்றையே நெடுநாட் பயின்றனர். எழுத்துப் பழகும் பிள்ளை முதலில் மணலிலே விரலால் எழுதிப் பழகியது போன்றதே இது.

கூடி வாசித்தல்

சைத்தோவின் கல்வி முறையில் மற்றொரு தூண் கூட்டு வாசிப்பு. தனித்து வாசித்துப் பரிசு பெறுவோரை ஆக்குவது மட்டும் அவர் நோக்கமன்று. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ ஆகிய நால்வர் கூடி வாசிக்கும் நால்வரிசையே நரம்பு வாத்தியக் கல்வியின் உயிர்நிலை என்பது அவர் கொள்கை. அங்கே நெறியாளர் இல்லை. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டே தொடங்கவேண்டும். பல்லியக் குழுவும் அந்நால்வரிசையின் விரிவே என்று கொண்டு, நூறு பேரும் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்குமாறு பயிற்றினார். பாடசாலைக் குழுவுக்குப் பல பாட்டுகளை மேற்போக்காகக் கற்பியாமல், சில பாட்டுகளையே எடுத்துத் தொடர் தொடராய் ஆராய்ந்து பயிற்றினார். ஒரு செய்யுளை நிறுத்திக் கற்றவன் பத்துச் செய்யுளைத் தானே கற்பான் என்பது தமிழாசிரியர் எல்லாரும் அறிந்ததன்றோ? 1964இல் தோஹோ மாணவர் குழு அமெரிக்கா சென்று வாசித்தபோது, பதினாறு ஆண்டுகளுக்கு முன் சில சிறுவரோடு தொடங்கிய வகுப்பின் பயனை அந்நாட்டார் நேரிற் கண்டனர்.

ஒரே நாட்டில் இரு நெறிகள்

சைத்தோவின் காலத்திலேயே யப்பானில் மற்றொரு நரம்பு வாத்திய ஆசிரியரும் புகழ்பெற்று விளங்கினார். அவர் ஷினிச்சி சுசுக்கி, 1898இற் பிறந்தவர், வயலின் வல்லுநர், அவரும் ஜேர்மனியிற் கற்றவர். யப்பானியக் குழந்தைகள் எல்லாரும் யப்பானிய மொழியைத் தடையின்றிப் பேசுகின்றனரே, மொழியைக் கற்கும் அதே வழியில் இசையை ஏன் கற்றல் கூடாது என்பது அவர் எழுப்பிய வினா. மூன்று நான்கு வயதிலேயே தொடங்கி, நாளும் இசைத்தட்டைக் கேட்கச் செய்து, தாயையும் உடன் கற்கச் செய்து, ஏட்டைப் பின்னுக்கு வைத்துச் செவியை முன்னுக்கு வைத்தார். தாய்மொழி முறை என வழங்கும் அந்நெறி 1946முதல் மத்சுமோத்தோ நகரிலிருந்து பரவி, பின்னர் செலோ முதலிய வாத்தியங்களுக்கும் விரிந்து, உலகெங்கும் சென்றது.

இருவரும் இசையை மொழியோடு ஒப்பிட்டனர். ஆயினும் ஒருவர் தாய்மொழியை நோக்கினார். மற்றவர் இலக்கணத்தை நோக்கினார். ஒருவர் முறை கேட்டுப் பழகுவது. மற்றவர் முறை பகுத்து அறிவது. இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுதல் பயனற்றது. இலக்கியம் கண்டே இலக்கணம் வகுக்கப்படும் என்பது நம் முன்னோர் கொள்கை. செவியில் இசை நிறையாத பிள்ளைக்கு இலக்கணம் வெறும் விதியாகவே நிற்கும். கேட்டுப் பழகியதோடு நின்றவனோ, தான் கேளாத பாட்டு எதிர்ப்பட்டபோது கைசோர்ந்து நிற்பான். குழந்தைப் பருவத்துக்குச் சுசுக்கியின் நெறியும், அறிவு விரியும் பருவத்துக்குச் சைத்தோவின் நெறியும் பொருந்துவன எனக் கொள்வதே தக்கது. சைத்தோவும் தம் சிறுவர் வகுப்பிலே செவிப் பயிற்சியை முதலில் வைத்தார் என்பதை மறத்தலாகாது.

சினம் என்னும் குறை

ஆசிரியர் ஒருவரைப் புகழ்ந்து எழுதுமிடத்து அவர் குறையை மறைத்தல் நேர்மையன்று. சைத்தோ கடுஞ்சினத்தர். பயிற்சி நேரத்தில் அவர் உரத்த குரலில் வைததையும் இசையேட்டை வீசியெறிந்ததையும் அவருடைய மாணவரே சொல்லியுள்ளனர். அச்சினம் இசையின்மேற் கொண்ட பற்றால் வந்தது எனவும், அதனாலேயே தாம் உருவானோம் எனவும் பலர் நன்றியோடு நினைவுகூர்ந்தனர்.

இதனை நாம் ஆராயாமல் ஏற்றல் கூடாது. புகழ்பெற்ற மாணவர் ஆசிரியரின் சினத்தை நன்றியோடு நினைப்பது இயல்பு. அவர்கள் அச்சினத்தைத் தாங்கி நின்றவர்கள். தாங்க இயலாது வாத்தியத்தை மூடிவைத்துச் சென்ற பிள்ளைகள் இருந்திருப்பின், அவர்கள் சொல் எந்த மலரிலும் அச்சேறுவதில்லை. வென்றவர் வாக்கை மட்டும் கேட்டு, வைதாலே பிள்ளை உருப்படும் என முடிவுகட்டுதல் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டுவதாகும்.

நன்னூலார் ஆசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாக வைத்தார். பொருளை ஐயமறக் காட்டுவது துலாக்கோலின் தன்மை. பொறுமையும் உழவனின் முயற்சிக்குத் தக்க பயன் தருதலும் நிலத்தின் தன்மை. சைத்தோ துலாக்கோலாக விளங்கினார். எவ்வளவு பிழை, எதனாற் பிழை, எவ்வாறு திருந்தும் என அளந்து காட்டுவதில் அவருக்கு நிகர் அரியர். நிலத்தின் பொறுமை அவரிடம் குறைவாகவே இருந்தது. மாணவரை ஆக்கியது அவர் காட்டிய காரணங்களேயன்றிச் சினம் அன்று என்பது என் கருத்து. காரணம் காட்டாத சினத்தர் எத்துணையோ பேர் எத்தேசத்திலும் உளர். அவர்களுக்கு இத்தகைய மாணவர் பரம்பரை வாய்க்கவில்லை.

அவர் முறை மாணவரை ஒரே அச்சில் வார்ப்பது எனக் குறை கூறினாரும் உண்டு. அதற்கு விடை அவர் மாணவரின் வாழ்க்கையே.

மாணவர் பரம்பரை

1959இல் ஒசாவா சரக்குக் கப்பல் ஒன்றில் ஐரோப்பா சென்று, அவ்வாண்டே பிரான்சு தேசத்தின் பெசான்சோன் நகரில் நடந்த இளம் நெறியாளர் போட்டியில் முதற் பரிசு பெற்றார். பின்னர் 1973முதல் 2002வரை அமெரிக்காவின் பொஸ்ரன் சிம்பொனிக் குழுவின் இசைத் தலைவராக விளங்கினார். செலோ மாணவராகிய த்சுயோஷி த்சுத்சுமி 1963இல் புடாபெஸ்த் நகரில் நடந்த கசல்ஸ் போட்டியில் முதற் பரிசு பெற்றார். பிற்காலத்தில் தாம் கற்ற தோஹோ கல்லூரிக்கே தலைவரானார். 1969இல் அமைந்த தோக்கியோ நால்வரிசையைத் தொடங்கினோரும் தோஹோவிற் பயின்றவரே. அந்நால்வரிசை 2013வரை உலகெங்கும் வாசித்தது. இவர்கள் ஒருவரையொருவர் ஒத்தவர் அல்லர். இலக்கணம் ஒன்றாயினும் கவிகள் வெவ்வேறாதல் போன்றதே இது.

மாணவர் வெளிநாடு செல்லும் முன் சைத்தோ கூறிய அறிவுரையை ஒசாவா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். மேலைத்தேய மரபு எதுவும் எழுதப்படாத வெற்றேடாக நீங்கள் செல்கின்றீர்கள். மரபிலே நல்லதும் உண்டு, தீயதும் உண்டு. நல்லதைத் தெரிந்து கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. மரபில்லாமையை மாணவர் ஒரு குறையாக எண்ணி நாணிய காலத்தில், அதனையே தெரிவு செய்யும் உரிமையாக மாற்றிக் கொடுத்தார் ஆசிரியர். நல்லதையும் தீயதையும் பிரித்தறியும் அளவுகோலாகவே அவர்க்கு இலக்கணத்தை முன்னரே அளித்திருந்தார்.

1974ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம், நோய் முற்றிய நிலையிலும், மலைப்பகுதியொன்றில் நடந்த மாணவர் பயிற்சி முகாமுக்குச் சைத்தோ சக்கர நாற்காலியில் அமர்ந்து சென்றார். மொசார்ட் தம் பதினாறாம் வயதில் நரம்பு வாத்தியங்களுக்கென இயற்றிய டைவர்ட்டிமென்டோ ஒன்றை அங்கே மாணவரை வாசிக்கச் செய்து நெறிப்படுத்தினார். அடுத்த மாதம் 18ஆம் தேதி அவர் காலமானார்.

1984இல், பத்தாம் ஆண்டு நினைவாக, உலகின் பல குழுக்களிற் பணிபுரிந்த பழைய மாணவர் நூற்றுக்கு மேற்பட்டோர் யப்பானிற் கூடினர். ஒசாவாவும் கசுயோஷி அக்கியாமாவும் நெறிப்படுத்தினர். பல்லாண்டு பிரிந்திருந்தவர் முதல் நாள் ஒத்திகையிலேயே ஒரே குரலாக ஒலித்ததில் வியப்பில்லை. வில்லை எங்கே அழுத்துவது, எங்கே தளர்த்துவது என்பதை எல்லாரும் ஒரே ஆசிரியரிடம் கற்றிருந்தனர். அக்கூட்டம் சைத்தோ நினைவுப் பல்லியம் எனப் பெயர்பெற்று, 1987இல் ஐரோப்பா சென்றது. 1992இல் அதனை நடுவாகக் கொண்ட ஆண்டு விழா தொடங்கியது. விழா நடைபெறும் இடம் சுசுக்கி வாழ்ந்து கற்பித்த அதே மத்சுமோத்தோ நகரம். தாய்மொழி முறையின் ஊரிலேயே இலக்கண ஆசிரியர்க்கும் விழா எடுக்கப்பட்டது. 2015இல் அவ்விழாவுக்கு ஒசாவாவின் பெயர் சூட்டப்பட்டது. பல்லியம் மட்டும் இன்றும் ஆசிரியர் பெயராலேயே வழங்குகின்றது. 2024இல் ஒசாவாவும் மறைந்தார். சைத்தோவை நேரிற் காணாத இளையோரும் இன்று அக்குழுவில் அமர்ந்து வாசிக்கின்றனர்.

முடிவுரை

'இலக்கணம் எதற்கு?' என்னும் வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடையைத் தொகுத்துக் கூறுவோம். பிறப்பால் உரியதன்று எனப் பிறர் கருதிய ஒன்றை உழைப்பால் உரியதாக்கிக்கொள்ள இலக்கணம் துணைசெய்கின்றது. உணர்ச்சியை அது கெடுப்பதில்லை. எங்கே நிறுத்துவது, எதனை எதனோடு சேர்ப்பது என்பதைத் தெளிவாக்கி, உள்ளத்து உணர்ச்சி கேட்போர் செவிக்குப் பொருளாய்ச் சென்று சேர வழி செய்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் இல்லாதவிடத்தும் மாணவன் தானே நிற்கும் ஆற்றலை அது தருகின்றது.

பழைய மாணவர்களே, நீங்கள் கற்ற சூத்திரங்களுட் பல இன்று நினைவில் இல்லாதிருக்கலாம். எனினும் ஒரு கடிதத்தைப் பிழையற எழுதும்போதும், பிறர் கூற்றின் பொருளைப் பகுத்து உணரும்போதும் அவை உங்கள் கையிலே தொழிற்படுகின்றன. மாணவர்களே, ஒரு விதியை ஆசிரியர் கூறும்போது அதன் காரணத்தையும் அஞ்சாது கேளுங்கள். உடனாசிரியர்களே, அவர்கள் கேட்கும்போது சினவாது காரணம் கூறுவோமாக. சைத்தோவிடம் நாம் கொள்ளத்தக்கது அவர் காரணம். தள்ளத்தக்கது அவர் சினம். நல்லதைத் தெரிந்து கொள்க என்பது அவர் தம் மாணவர்க்கு உரைத்த அறிவுரையே ஆதலின், அவரிடத்தும் அவ்வாறே தெரிந்து கொள்ளுதல் அவர்க்கு நாம் செய்யும் மதிப்பாகும்.